டயருக்குள் போன சீர்

என் தங்கை மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் எந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்தான் என்று அந்தக் குப்பத்தில் கேட்டால், இன்றைக்கும் சொல்லிச் சிரிக்க ஆள் இருக்கிறது. விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். நகக்கண்ணெல்லாம் பச்சை. மேலே சட்டை கிடையாது. குழந்தையை உட்கார வைத்த மடியோ, மணலும் இலைச்சாறும் அப்பிய நாலு முழ வேட்டி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் போய்ச் சேர்ந்தேன், எனக்கு அதுதான் கணக்கு.

அப்போது எங்களுக்கு ராயபுரத்தில் வீடு. யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் அப்பா காலம் வரைக்கும் காசிமேட்டுக் கரையில் கட்டுமரம் தள்ளிய குடும்பம் எங்களுடையது. நான்தான் முதல் ஆளாகக் கடலை விட்டுத் துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். தங்கையைக் கொடுத்த இடம் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, காட்டுப்பள்ளியையும் தாண்டிய ஒரு மீனவர் குப்பம். அப்பா காலமாகிவிட்டதால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நானும் என் மனைவியும்தான்.

தங்கையின் மாமனாருக்கு என்னைக் கண்டால் ஆகாது. நேரில் மரியாதையாகத்தான் பேசுவார். நான் எழுந்து போனதும், "கடல வுட்டவன். பட்டறைல சங்கு ஊதுனா ஓடுறவன். அவன நம்பி இன்னா காரியம் பண்றது?" என்பார். பட்டறையில் லீவு கிடைக்காமல் இரண்டு விசேஷங்களுக்கு நான் போக முடியாமல் போனது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. பேத்திக்குக் காது குத்த நாள் வைத்தபோது, ராகுகாலத்துக்குள் நான் வராவிட்டால் தூரத்து முறையில் மாமன் ஆகிற ஒருத்தனை மணையில் உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது அந்த மடியில் வேறொருவன் உட்கார்ந்தால், அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு செத்துப் போனதாக அர்த்தம். அப்புறம் என் தங்கை அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து தண்ணீர் எடுக்கப் போக முடியாது.

நாள் வைத்தது ஒரு புதன்கிழமை. உச்சி வேளைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். பட்டறையில் கெஞ்சிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மேஸ்திரி இறங்கி வந்தார். அது போதும் எனக்கு. என்னிடம் வண்டி இருந்தது.

வண்டி என்றால் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன மோட்டார் சைக்கிள். பெயின்ட் முழுக்கப் பாசிப் பச்சை. ஏலத்தில் கழித்துவிட்டதைத் துண்டு துண்டாகச் சேர்த்து நானே உயிர் கொடுத்தேன். அதன் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மனைவி அதன் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போகும்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மாட்டு வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் யாரையும் பார்க்க மாட்டாள். பார்த்தால் விழுந்துவிடுவோம் என்பாள்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினோம். அவள் மடியில் சீர் மூட்டை. தங்கைக்கு அரக்குப் பட்டு, அவள் மாமியாருக்கு நூல் புடவை, மச்சானுக்கும் மாமனாருக்கும் வேட்டி, குழந்தைக்குப் பாவாடை சட்டை, வாழைப்பழம், பூ, எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுபோகப் பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்று. பட்டுப்புடவை என் மனைவி நாள் கணக்காக அலைந்து எடுத்தது. அதற்குக் காரணம் உண்டு. வளைகாப்புக்கு அவள் எடுத்த புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் தங்கை, "அண்ணிக்குக் கலரு பாக்கத் தெரியாது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். தங்கைக்கு நாக்கு நீளம். என் மனைவிக்கு ஞாபகம் நீளம். நடுவில் நான்.

எண்ணூர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கழிமுகத்தில் படகுக்காரர், சந்தைக்குப் போகிற சனங்களை எல்லாம் ஏற்றி இறக்கிய பிறகுதான் வண்டியை ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டார். அங்கேயே வெயில் ஏறிவிட்டது. அக்கரையில் இறங்கியதும் வண்டிப்பாதையை விட்டுவிட்டு நான் கடற்கரைக்குத் திருப்பினேன். நீர் இறங்கியிருக்கிற நேரத்தில் அலை நனைத்துவிட்டுப் போன மணல் தார் ரோடு மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, நடுவில் நாங்கள். வண்டி சந்தோஷமாகப் போனது. ராகுகாலத்துக்கு ரொம்ப முன்னாலேயே போய் மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

பாதி வழி போயிருப்போம். எதிரே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இடுப்பில் போட்டுப் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். கயிறு மணலோடு மணலாகக் கடலுக்குள் போயிற்று. வேறு எவனாவது என்றால் அதன் மேல் வண்டியை ஏற்றி இறக்கிக்கொண்டு போயிருப்பான். யாரும் அடிக்க வரப்போவதில்லை. ஆனால் எங்கள் சனத்தில் வலை தண்ணீரில் இருக்கும்போது கயிற்றைத் தாண்ட மாட்டார்கள். தாண்டினால் வலையின் மடி வெறுமையாகக் கரையேறும் என்பார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இரும்பு வேலைக்குப் போனவனுக்கு அதில் நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கை தானாகவே ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டது. இழுக்கிறவர்களுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்க்காகக் கிளிஞ்சல் கொட்டிவைத்திருந்தார்கள். பார்த்து பிரேக் பிடிப்பதற்குள் முன் சக்கரம் அதில் இறங்கிவிட்டது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஹேண்டில்பார் என் கையில் நிற்காமல் ஆடியது. என் மனைவி மூட்டையோடு மணலில் உட்கார்ந்திருந்தாள், விழுந்த மாதிரியே தெரியாமல்.

"இன்னாய்யா ஆச்சு?"

"பஞ்சர்."

"ஒட்டு."

எனக்கும் அதுதான் நினைப்பு. முன் ஸ்டாண்டை இறக்கினால் அது மணலில் புதைந்துகொண்டே போனது. அவள் தாம்பாளத்தை எடுத்து அடியில் வைத்தாள். புதுத் தாம்பாளம். வண்டியின் பாரம் இறங்கியதும் நடுவில் குழி விழுந்த சத்தம் கேட்டது. சக்கரத்தைக் கழற்றி, இரண்டு லீவர் போட்டு டயரை நெம்பி, ட்யூபை வெளியே எடுத்தேன்.  ஊசி போட்ட துளை இல்லை அது. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஒட்டுவதற்கு வைத்திருந்த சொல்யூஷன் டப்பாவைத் திறந்தால் உள்ளே கோந்து மாதிரி காய்ந்து கிடந்தது. அடிக்கடி பார்த்து வைக்கிற சாமான்தான். ராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறிப் போனதில் பார்க்கவில்லை. சைக்கிள் கடை என்று ஒன்று பார்க்க வேண்டுமானால் கழிமுகத்தைத் திரும்பத் தாண்ட வேண்டும்.

கரைவலைக்காரர்களிடம் ஓடிப்போய்க் கேட்டேன். முன்னால் நின்ற ஆள் கயிற்றை விடாமலே தலையை மட்டும் திருப்பினார்.

"வல பாதி வந்துகினு கீதுபா. கைய எட்தா எல்லாம் பூடும். செத்த நேரம் குந்து, மடி ஏறட்டும். அப்பால பத்து பேரு தூக்கிகினு வரோம்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் மடி ஏறும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்கும். திரும்பி வந்து மனைவியிடம், வண்டியை இங்கேயே போட்டுவிட்டு நடக்கலாமா என்று கேட்டேன். அவள் வடக்கே வெறும் மணலைப் பார்த்தாள். தன் நிழலைப் பார்த்தாள்.

"நடந்தா மாமன் போமாட்டான். மாமனோட பொணந்தான் போவும், ராகுகாலத்துல. வண்டிய ஓட்ற வழியப் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அந்தக் கிளிஞ்சல் மேலும், மனசுக்குள் கேட்ட மாமனாரின் சிரிப்பு மேலும். அந்த ஆள் முன்னால் தோற்றுப் போகக் கூடாது என்று தோன்றியது. டயருக்குக் காற்று வேண்டியதில்லை, உள்ளே ஏதாவது இருந்தால் போதும் என்று எனக்குள் ஓடியது. பட்டாளத்து வண்டிகளில் அப்படி வைக்கோல் அடைத்து ஓட்டியதாகப் பட்டறையில் பேசிக் கேட்டிருக்கிறேன். இங்கே வைக்கோல் ஏது? மேடு முழுக்க அடப்பங்கொடிதான் ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது.

இரண்டு பேரும் பிடுங்கினோம். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் மணலில் பதிய, கொடியை வேரோடு உருவிப் போட்டாள். நான் அதைச் சுருட்டிச் சுருட்டி டயருக்குள் திணித்து லீவரால் இடித்தேன். ஃபிட்டர் வேலை கற்றவன் செய்கிற வேலை இல்லை அது. பட்டறையில் யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். ஆனாலும் டயரை ரிம்மில் ஏற்றி அழுத்திப் பார்த்தபோது கெட்டியாகத்தான் இருந்தது. சக்கரத்தை மாட்டிக் கிளம்பினோம்.

கொஞ்ச தூரம் ஓடியது. எனக்குப் பாட்டுப் பாடலாம் போல இருந்தது. அப்புறம் சக்கரத்தின் ஓரத்தில் பச்சையாக நுரை வர ஆரம்பித்தது. கொடியெல்லாம் நசுங்கிச் சாறாகி வெளியே வழிந்துகொண்டிருந்தது. என் முழங்காலிலும் வேட்டியிலும் தெறித்தது. டயர் தொளதொளத்து ஒரு பக்கமாகக் கழன்றுகொள்ளப் பார்த்தது. நிறுத்தினேன். சூரியன் நெற்றிக்கு மேலே வந்துகொண்டிருந்தது.

மறுபடி தாம்பாளம். மறுபடி லீவர். உள்ளே இருந்ததை வழித்து எறிந்தேன். என் சட்டையைக் கழற்றித் திணித்தேன். அவள் மூட்டை கட்டியிருந்த துணியையும், மாற்றிக்கொள்ள வைத்திருந்த தன் புடவையையும் கொடுத்தாள். கருவிகளைச் சுற்றியிருந்த கோணிப்பையும் போயிற்று. இன்னும் கால்வாசி டயர் காலியாக இருந்தது. அவள் யோசிக்காமல் மச்சான் வேட்டியை எடுத்தாள், மாமனார் வேட்டியை எடுத்தாள், மாமியார் புடவையை எடுத்தாள். எல்லாவற்றையும் வாங்கி அடைத்தேன். அப்படியும் ஓரிடத்தில் கை உள்ளே போயிற்று. அந்தக் குழி இருந்தால் டயர் அங்கே மடிந்து கழன்றுவிடும்.

மணலில் மிச்சம் இருந்தது குழந்தையின் துணியும் அரக்குப் பட்டும்தான்.

"அது வேணா" என்றேன். "அதுக்கு எந்தங்கச்சி உன்ன இன்னான்னு பேசுவான்னு உனக்கே தெரியும். வேணும்னே பண்ணன்னு சொல்லுவா."

"சொல்லட்டும்."

"நாளெல்லாம் அலஞ்சி எடுத்தியே."

அவள் பட்டுப்புடவையைப் பிரித்தாள். சரிகையைத் தடவிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பிறகு அதைக் கயிறாக முறுக்கினாள்.

"பொடவ நாளிக்கி வந்தாலும் பொடவதான். மாமன் நாளிக்கி வந்தா எவனோ ஒர்த்தன். புடி."

 அவளைப் பார்க்காமல் புடவையை வாங்கினேன். பட்டு என்றால் பட்டுதான். நூல் துணியெல்லாம் அமுங்கிய இடத்தில் அது அமுங்கவே இல்லை. லீவரால் டயரை ஏற்ற நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அவள் இரண்டு காலாலும் டயரை மிதித்துக்கொண்டாள். கடைசி விளிம்பு ரிம்முக்குள் விழுந்தபோது என் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. அந்த நேரத்தில் அது வலிக்கவில்லை.

அங்கிருந்து குப்பம் வரைக்கும் வண்டி நொண்டிக்கொண்டே போயிற்று. டயர் சுற்றுக்கு ஒரு தடவை தூக்கிப் போட்டது. வேகம் கூட்டினால் ஹேண்டில்பார் உதறியது, குறைத்தால் மணலில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் அவள் குழந்தையின் பாவாடை சட்டையையும் பூவையும் பழத்தையும் பள்ளம் விழுந்த தாம்பாளத்தில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். 

பந்தலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மச்சான் பிறகு சொன்னார். குழந்தைக்கு மொட்டை போட்டாயிற்று. ஆசாரி கம்பியை எடுத்து வைத்துவிட்டார். தூரத்து மாமன் புது வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தாயிற்று. மாமனார் மூன்று தடவை குழந்தையைக் கேட்டிருக்கிறார். என் தங்கை பந்தக்காலில் சாய்ந்து, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அதன் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாளாம்.

"எங்கண்ணன் வண்டி சத்தம் கேக்கற வரிக்கும் இந்தக் காத எவனுக்கும் காட்ட மாட்டேன்" என்றாளாம்.

சத்தம் அவளுக்குத்தான் முதலில் கேட்டிருக்கிறது. நாங்கள் தெருவில் திரும்பியபோது ஊரே பந்தலை விட்டு வெளியே நின்றது. மாமனார் என் வேட்டியையும் வெற்று மேலையும் ஏற இறங்கப் பார்த்தார். மணையில் இருந்தவன் எழுந்து வழி விட்டான். கை கழுவக்கூட நேரம் இல்லை. நான் அப்படியே போய் உட்கார்ந்தேன். தங்கை காதிலிருந்து கையை எடுத்துக் குழந்தையை என் மடியில் வைத்தாள்.  "வன்ட்டியா" என்று மட்டும் கேட்டாள். குழந்தை என் கரி முகத்தைப் பார்த்தே அழ ஆரம்பித்துவிட்டதால், ஆசாரி குத்தியதற்குத் தனியாக அழவில்லை. இரண்டு காதும் முடிந்த பிறகுதான் ராகுகாலம் பிறந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதும் மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

"சீரு எங்கபா? தாம்பாளத்துல பழந்தான கீது?"

"டயர்ல கீது மாமா" என்றேன்.

நம்பாமல் சிரித்தார்கள். வண்டியைச் சாய்த்துச் சக்கரத்தைக் கழற்றி, டயரை ஒரு பக்கம் நெம்பி, துணியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். இறுகிப் போயிருந்தது, வரவில்லை. மச்சான் வந்து பிடித்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். இழுத்துப் பழகிய ஆட்கள். வலை வாங்குகிற மாதிரியே காலை ஊன்றிப் பின்பக்கம் நடந்தார்கள். வேட்டி வந்தது, நூல் புடவை வந்தது, என் சட்டை வந்தது. தெருவே கைகொட்டிச் சிரித்தது. கடைசியாகப் பட்டு வந்தது, முழம் முழமாக. சிரிப்பு அடங்கிவிட்டது. அரக்கு நிறம் தெரியாமல் ரப்பர் கரியும் பச்சைச் சாறும் பட்டை பட்டையாக ஏறியிருந்தன. சரிகை ஓரிடத்தில் பிய்ந்திருந்தது.

என் தங்கை வந்து அதை எடுத்தாள். மடித்து உள்ளே கொண்டுபோய்விட்டாள். என் மனைவி தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரம் நின்றிருந்தாள். காலையில் இருந்து கலங்காதவள் முகம் அப்போதுதான் தளர்ந்தது. சாப்பாட்டுப் பந்தியிலும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மதியத்துக்கு மேல் கரைவலைக்காரர்களில் ஒருவர் மீன் கொடுக்க அந்தப் பக்கம் வந்தார். மாமனாரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, என் வண்டியைக் கையால் காட்டினார். "இந்த ஆளுதான். கயித்த தாண்டாம மேட்டுமேல சுத்திகினு போனாரு. அதான் கிளிஞ்சல்ல வுட்டாரு." மாமனார் என் பக்கம் பார்க்காமலே உள்ளே போய்ப் பழைய வலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சக்கரத்தின் முன்னால் குந்தி, வலையைத் தானே மடித்து மடித்து டயருக்குள் அடைத்தார். நான் லீவரைப் பிடித்துக்கொண்டேன். "வல அமுங்காது. வூடு வரிக்கும் போவும்" என்றார். அவர் என்னிடம் மனசாரப் பேசிய முதல் பேச்சு அது.

கிளம்புகிற நேரத்தில் என் மனைவி யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள். நான் உதைத்துக் கிளப்பப் போகும்போது தெருவில் பேச்சு நின்றது. திரும்பினேன். என் தங்கை அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கரிப் பட்டைகள் நெஞ்சிலும் கொசுவத்திலும் குறுக்கே ஓடின. பிய்ந்த சரிகையை மறைக்கக்கூட இல்லை, தோளில் வெளியே தெரிகிற மாதிரிதான் போட்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் நின்று பார்த்தார்கள். அவள் அவசரப்படாமல் தெருவின் முழு நீளமும் நடந்து வந்து என் மனைவி பக்கத்தில் நின்றாள்.

"இந்த வாட்டி கலரு நல்லா கீது அண்ணி" என்றாள்.

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தேன்.